பர்மிங்காமில் 1779-ஆம் வருஷத்து பம்ப்: திங்க்டேங்க் அருங்காட்சியகம்

கோயமுத்தூரில் 34 வருஷம் பம்ப் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். மகள் இங்கிலாந்தில், பர்மிங்காமில் குடியிருக்கிறாள். "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று அவள் கூட்டிப் போனதுதான் திங்க்டேங்க் அறிவியல் அருங்காட்சியகம். நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து கர்சன் ஸ்ட்ரீட் பக்கமாக நடக்கிற தூரம். டிக்கெட் வாங்க வேண்டும். மேல் தளங்களில் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து விளையாட நிறைய இருக்கிறது. பேரனுக்கு அதுவே போதும். நான் கீழ்த்தளத்தை விட்டு நகரவில்லை.

காரணம், ஸ்மெத்விக் இன்ஜின். ஓடக்கூடிய நீராவி இன்ஜின்களில் உலகிலேயே பழையது இதுதான் என்கிறார்கள். மேத்யூ பௌல்டனும் ஜேம்ஸ் வாட்டும் நடத்திய கம்பெனி செய்தது, 1779-இல் ஓட ஆரம்பித்தது. நான் ரயில் இன்ஜின் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அது ஒரு பம்ப்! தண்ணீர் இறைக்கச் செய்த மிஷின். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். பர்மிங்காம் கால்வாய் பக்கத்து ஊரான ஸ்மெத்விக்கில் ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும். அதற்காகப் படி மாதிரி அடுத்தடுத்துத் தொட்டிகள் கட்டி, கதவு போட்டு, படகை ஏற்றி இறக்கினார்கள். அதை லாக் என்பார்கள். ஒரு படகு கடக்கும்போதெல்லாம் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். நிலக்கரிப் படகுகள் வரிசையாக வந்தால் மேட்டில் தண்ணீர் எப்படி நிற்கும்? கீழே போன தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றத்தான் இந்த இன்ஜின்.

பார்க்க நம்ம ஊர் ஏற்றம்தான். நடுவில் தாங்கி நிற்கும் பெரிய உத்திரம். ஒரு முனையில் சிலிண்டர், மறு முனையில் பம்ப் தண்டு. உத்திரத்தின் இரண்டு முனையும் வில் மாதிரி வளைந்திருக்கிறது, அதன் மேல் சங்கிலி படிந்து தொங்குகிறது. அந்தச் சங்கிலியின் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். பேரன் வந்து, "அப்புச்சி, சங்கிலியால எப்படித் தள்ள முடியும்?" என்றான். சரியான கேள்வி. தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். இந்த இன்ஜினுக்கு அது போதும். பிஸ்டனுக்குக் கீழே நீராவியைக் குளிர வைத்து உண்டாக்கிய வெற்றிடம், மேலே நீராவி. பிஸ்டன் கீழே இறங்கும்போது மறு முனை மேலே போய்த் தண்ணீரைத் தூக்குகிறது. அப்புறம் பம்ப் தண்டின் எடையே உத்திரத்தைப் பழையபடி சாய்த்துவிடுகிறது.

வாட்டுக்கு முன்னால் இருந்த நியூகோமன் இன்ஜினில் சிலிண்டருக்குள்ளேயே பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சி நீராவியைக் குளிர வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் ஆறிப்போகும், திரும்பச் சூடாக்க வேண்டும், கரி அநியாயத்துக்குச் செலவாகும். நீராவியைத் தனியாக ஒரு கண்டன்சருக்கு அனுப்பிக் குளிர வைக்கலாம் என்று வாட் 1769-இல் பேட்டன்ட் வாங்கினார். பழைய இன்ஜினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கம்பெனிக்குக் கட்டணம். பொருளை விற்காமல் மிச்சத்தை விற்றார்கள்!

பிஸ்டனைச் சுற்றி அந்தக் காலத்தில் சணலும் கொழுப்பும் வைத்து அடைத்தார்கள். பம்ப் தண்டு வெளியே வருகிற இடமான கிளாண்டில் கயிறு பேக்கிங் வைத்து அடைத்து, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கி, ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த எனக்கு, இதை ஓட்டின ஆளின் கை தெரிந்த கை மாதிரி இருந்தது.

1891 வரை ஓடியிருக்கிறது. 112 வருஷம்! நான் அசெம்பிளி செய்த பம்ப் இருபது வருஷம் ஓடினாலே பெருமையாகச் சொல்வோம். ஓய்வு கொடுத்த பிறகும் கால்வாய் கம்பெனி அதை உடைக்கவில்லை. பிரித்தெடுத்து, ஆக்கர் ஹில் டிப்போவில் வைத்துக் காப்பாற்றியது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஊரில், பேர் வேண்டாம், ஒரு மில்லின் பின் ஷெட்டில் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வருவதற்கு முந்தைய நீராவி இன்ஜின் ஒன்று கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஃபிளைவீல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சம்மட்டியால் உடைத்து எடைக்குப் போட்டார்கள். வார்ப்பிரும்பு உடைகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்த பித்தளை ஆயில் கப் ஒன்று மட்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பக்கத்திலேயே 1939-இல் குரூவில் கட்டிய 'சிட்டி ஆஃப் பர்மிங்காம்' ரயில் இன்ஜின் நிற்கிறது. ரயில் பிரியர்கள் அதற்காகவே போகலாம். எனக்கு அதன் சக்கர உயரம் பிடித்தது, அவ்வளவுதான்.

நான் போன அன்று ஸ்மெத்விக் இன்ஜின் ஓடவில்லை. ஓட்டிக் காட்டும் நாள் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். நேரம் இருந்தால் டார்ட்மவுத் சர்க்கஸ் ரவுண்டானாவில் நிற்கும் 1817-ஆம் வருஷத்து கிரேஸ்புரூக் இன்ஜினையும் பாருங்கள். இரும்பு உலைக்குக் காற்று ஊதினது. டிக்கெட் கிடையாது, வெட்டவெளியில் நிற்கிறது.

மறுநாள் பேரனோடு ஸ்மெத்விக் கால்வாய்க்கே போனேன். பழைய இன்ஜினுக்குப் பதிலாக 1892-இல் கட்டிய பம்ப் ஹவுஸ் அங்கே இன்னும் நிற்கிறது. படகு ஒன்றும் வரவில்லை. லாக் கதவின் இடுக்கில் மட்டும் மெல்லிசாகத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்புச்சி, லீக் ஆகுது."

"ஆமா கண்ணு, அதுக்கும் சேர்த்துத்தான் அந்த பம்ப் இறைச்சுது."