ஊருக்கு ஊர் மாறும் ஜப்பான் தேனிலவு: தங்குமிடங்களைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

ஜப்பானுக்குத்தான் தேனிலவு என்று முடிவானதும் எங்களுக்கு வந்த யோசனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. ஒவ்வொரு ஊரிலும் மதிப்பெண் அதிகமுள்ள ஹோட்டலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். நாங்கள் வேறு விதமாக யோசித்தோம். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, கோயாசான், கடைசியாக ஒசாகா என்று நகர்ந்துகொண்டே இருக்கும் பயணத்தில், ஒரு தங்குமிடம் நமக்குச் சரிப்பட்டு வருமா என்பதை அதற்கு முந்தைய ஊரும் அடுத்த ஊரும்தான் தீர்மானிக்கின்றன. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. அதே வழியில் மறுபடி போய்வந்தோம், தேனிலவுக்குக் கிளம்பிய நண்பர்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தோம். அந்த எண்ணம் இன்னும் உறுதியாகத்தான் ஆகியிருக்கிறது.

முதலில் பணத்தை எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும். காலையில் கிளம்பி இரவு தூங்க மட்டும் திரும்பும் ஊர் உண்டு. அறையில் இருப்பதற்காகவே போகும் ஊரும் உண்டு. டோக்கியோவும் ஒசாகாவும் முதல் வகை, வெந்நீர் ஊற்றுகள் உள்ள மலை ஊரான ஹகோனே இரண்டாவது வகை. எல்லா ஊரிலும் நடுத்தரமாக ஒரே அளவு செலவழித்தால் எந்த இடமும் மனதில் நிற்காது. நாங்கள் நகரங்களில் சிக்கனமாக பிசினஸ் ஹோட்டலில் தங்கி, மிச்சப்பட்டதை ஹகோனேயில் கொட்டினோம். இன்றைக்கும் யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஆனால் சிக்கனம் என்றால் டோக்கியோவில் படுக்கையின் அளவைப் பார்க்காமல் பதிவு செய்துவிடக் கூடாது. அங்கே இருவருக்கான மலிவான அறைகளில் பல 'செமி டபுள்' என்ற வகை. அந்தக் கட்டிலின் அகலம் சுமார் 120 செ.மீ. படத்தில் இருவருக்கான கட்டிலாகத் தெரியும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு இரண்டு பேர் படுத்தால் திரும்பிப் படுக்கக்கூட இடம் இருக்காது. 'டபுள்' என்று இருந்தால் பெரும்பாலும் 140. எங்களுக்குப் பிடித்தது 'ஹாலிவுட் ட்வின்', அதாவது இரண்டு ஒற்றைக் கட்டில்களை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டிருப்பது. அப்புறம் அறையின் சதுர மீட்டர். 12, 13 என்றால் ஒரு பெட்டியைத் தரையில் விரித்தாலே நடக்க வழி போய்விடும். 18க்கு மேல் இருந்தால் இருவர் பெட்டியையும் திறந்து வைக்கலாம். அறைப் படத்தைவிட இந்த இரண்டு எண்களை நம்புங்கள்.

டோக்கியோவில் எந்தப் பகுதியில் தங்குவது என்பதையும் அடுத்த ஊரை வைத்தே முடிவு செய்தோம். ஹகோனேக்குப் போகும் ரொமான்ஸ்கார் ரயில் ஷிஞ்சுகு நிலையத்திலிருந்து கிளம்புகிறது. ஹகோனே யுமோட்டோ நிலையத்துக்கு ஏறக்குறைய 85 நிமிடம். ஆனால் ஷிஞ்சுகு உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ரயில் நிலையம், இருநூறுக்கு மேல் வாசல்கள். வந்து இறங்கிய அன்றே அந்த நெரிசலில் பெட்டியோடு நிற்க எங்களுக்கு விருப்பமில்லை. நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக வந்து நிற்கும் உவேனோவில் தங்கினோம். அங்கிருந்து யமனோட்டே வட்டப்பாதை ரயிலில் ஷிஞ்சுகு போய்க்கொள்ளலாம். புதுமணத் தம்பதி முதல் நாள் களைப்பில் வழி தேடி ஒருவரையொருவர் கடிந்துகொள்ளாமல் இருப்பது பெரிய விஷயம்.

பெட்டியோடு யமனோட்டேயா என்று கேட்பீர்கள். பெட்டியே கூட வரவில்லை. ஜப்பானில் 'தக்யூபின்' என்று ஒரு சேவை இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த ஹோட்டலின் முகவரியையும் போய்ச் சேர வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுத்தால் போதும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் பொதுவாக மறுநாளே போய்விடும். ஹகோனேக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு போனோம். பெரிய பெட்டிகள் நேராக கியோட்டோ போயின. மூன்று பக்க அளவும் சேர்த்து 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டிகளுக்கு, டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாகப் போகும் டோக்காய்டோ ஷின்கான்சென் அதிவேக ரயிலில் 2020 மே மாதத்திலிருந்து தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்தக் கவலையும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, பெட்டியை வாங்கி வைக்க அடுத்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும். சாவியை எண்பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் வாடகை வீட்டுக்கு இது ஒத்துவராது. அங்கேயே பாதி வீடுகள் எங்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிட்டன.

சரி, ஹகோனே. இந்தப் பயணத்தின் இதயம் இதுதான், தேனிலவுக்குப் போகிறவர்கள் அதிகமாகக் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுதான்.

ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், அறைக்கு அல்ல. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். அது தெரியாமல் ஹோட்டல் விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். அடுத்தது வெந்நீர் ஊற்றுக் குளியல். படங்களைப் பார்த்துவிட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்து குளிக்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பொதுக் குளியலறைகளில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. உடை அணிந்து இறங்கவும் கூடாது. பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்களும் உண்டு. இருவரும் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் இரண்டு வழி: மணிக்கணக்கில் தனியாக எடுத்துக்கொள்ளும் 'காஷிகிரி' குளியல், அல்லது அறைக்கே சொந்தமாகத் திறந்தவெளித் தொட்டி. இரண்டாவதற்கு விலை கணிசமாக ஏறும். தேனிலவில் எதற்காவது கூடுதலாகக் கொடுக்கலாம் என்றால் அது இதற்குத்தான். மலைக்காற்றில் முகம் குளிர, கழுத்துவரை வெந்நீரில் அமர்ந்து, நேரம் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்த அந்த மாலைகளைப் பற்றி நாங்கள் இன்னும் பேசுகிறோம்.

இன்னொன்று தனிமை. பழைய பாணி ரியோகானில் பணிப்பெண் அறைக்குள் வருவார்: தேநீர் வைக்க, சாப்பாடு பரிமாற, இரவு மெத்தை விரிக்க, காலையில் அதை மடிக்க. அந்த உபசரிப்பு அழகானது. ஆனால் புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கதவு தட்டப்படாத நேரமும் வேண்டும். முன்பு அறையிலேயே உணவு வருவதுதான் உயர்ந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது, உணவுக்கென்று தனித் தடுப்பறை வைத்திருக்கும் விடுதியையே விரும்புகிறேன். நாம் சாப்பிட்டு வருவதற்குள் மெத்தை விரித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு காலைவரை யாரும் வரமாட்டார்கள். தரை மெத்தைகள் தனித்தனியாகத்தான் விரிக்கப்படும். அது வேண்டாம் என்றால், பாய்த் தரையும் கட்டிலும் சேர்ந்த 'வயோஷிட்சு' வகை அறையைக் கேளுங்கள். கணவருக்கு முதுகுவலி உண்டு என்பதால் நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

செக்-இன் பெரும்பாலும் மாலை 3 மணி, காலி செய்வது காலை 10 மணி. இரவு உணவுக்கு நேரம் குறித்துவிடுவதால் மாலை ஆறுக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஒரே இரவு என்றால் ஓய்வுக்கென்று போய் ஓடிவருவதாகிவிடும். இரண்டு இரவு வைத்தால் நடுவில் ஒரு முழு நாள் கையில் கிடைக்கும். செலவு இடித்தால் வேறு ஊரில் ஓர் இரவைக் குறையுங்கள், இங்கே வேண்டாம். சனிக்கிழமை இரவுக்கு விலை ஏறும் என்பதால் ஹகோனே வார நாளில் விழும்படி மற்ற ஊர்களை நகர்த்திக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே ரசத்துக்கும் குழம்புக்கும் அடிப்படையான 'தாஷி' மீனிலிருந்து வருவது, அன்று மாலை போய்ச் சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது.

இடம் என்று பார்த்தால், மலை ரயில் போகும் பாதையில், நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பது நல்லது. யுமோட்டோவிலிருந்து கோராவுக்கு அந்த ரயில் முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஏறி ஏறக்குறைய 40 நிமிடத்தில் போகும். ஓவகுதானி எரிமலைப் பகுதிக்கு மேல் போகும் கம்பிவடப் பயணம் காற்றாலோ எரிமலை வாயுவாலோ சில நாட்கள் நிற்கும். அதைத் தாண்டி விடுதி எடுத்தால் அன்றைக்குப் பேருந்துதான் கதி.

ஹகோனேயிலிருந்து கியோட்டோவுக்கு ஒடவாரா நிலையத்தில் ஷின்கான்சென் ஏற வேண்டும். அந்த ரயில்களில் மிக வேகமான நொசோமி வகை அங்கே நிற்காது. ஹிக்காரியில் சில மட்டும் நிற்கும், கொடாமா எல்லாம் நிற்கும். ஒரு ஹிக்காரியைக் குறிவைத்து, அதற்கேற்ப விடுதியிலிருந்து கிளம்பினால் போதும்.

கியோட்டோவில் மச்சியா எனப்படும் பழைய மரவீட்டை முழுசாக எடுத்தோம். பயணத்தின் நடுவில் வீடு வருவதில் ஒரு லாபம் உண்டு: துணி துவைக்கலாம், வெளியே போகாமல் சோம்பிக் கிடக்கலாம், நமக்கென்று ஒரு வாசல் கிடைக்கும். எங்கள் வீட்டை நடத்துபவர்களுக்கு ஊருக்குள் வரவேற்பு அலுவலகம் இருந்ததால் பெட்டிகளும் முன்னதாக வந்து காத்திருந்தன. படிக்கட்டு ஏணி போலச் செங்குத்தாக இருக்கும், குளிர்காலத்தில் மரச்சுவர் குளிரைத் தடுக்காது, பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பதால் இரவில் குரலைத் தாழ்த்த வேண்டும். இவையெல்லாம் தெரிந்து எடுத்தால் மகிழ்ச்சியாக இருக்கலாம். வாடகை வீடு எடுக்கும்போது அரசு உரிமம் அல்லது பதிவு எண்ணைக் கேளுங்கள். 2018 ஜூனில் வந்த சட்டப்படி, வீடுகளைப் பயணிகளுக்கு விடப் பதிவு வேண்டும், வருடத்துக்கு 180 நாள்தான் விடலாம். விடுதி உரிமம் பெற்றவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. நாங்கள் விசாரித்த ஒரு வீட்டுக்காரர் எண் கேட்டதும் பதில் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

பகுதியைப் பொறுத்தவரை ஹிகஷியாமா பக்கம் நடக்கும் தூரத்தில் எடுத்தது பலன் தந்தது. கியோமிசுதேரா கோவில் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். பேருந்தில் வரும் கூட்டத்துக்கு முன்பே அந்தக் கல்படிகளில் இருவரும் நடந்துவிட்டு, வெயில் ஏறும்போது வீட்டுக்கு வந்து தூங்கினோம். கியோட்டோவில் நகரப் பேருந்துகள் பிதுங்கி வழியும். சுரங்க ரயில் இரண்டே தடம்தான். 2018 அக்டோபரிலிருந்து அங்கே தங்கும் வரியும் உண்டு, பதிவுக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயாசான் எல்லாத் தம்பதிகளுக்கும் ஏற்றதல்ல, வெளிப்படையாகச் சொல்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் கூக்காய் என்ற துறவி நிறுவிய மடங்களின் மலை. 'ஷுகுபோ' எனப்படும் கோவில் விடுதியில் தங்கலாம், சுத்த சைவ உணவு, அதிகாலை வழிபாடு. சைவக்காரர்கள் ஜப்பானில் நிம்மதியாகச் சாப்பிடும் இடம் இது. ஆனால் அறைகளைப் பிரிப்பது பல இடங்களில் காகிதக் கதவுதான். கழிப்பறையும் குளியலும் பெரும்பாலும் பொது. ஓர் இரவு போதும், அதுவும் பயணத்தின் பின்பகுதியில். பல நூற்றாண்டுகள் பெண்களுக்கு அனுமதி இல்லாத மலை இது. அவர்கள் எல்லையில் நின்று வழிபட்ட ந்யோனின்தோ மண்டபம் இன்றும் இருக்கிறது. அதைக் கடந்து இருவரும் சேர்ந்து உள்ளே போனது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இந்த மலைக்கும் சின்னப் பை மட்டும்தான். பெரிய பெட்டிகளை கியோட்டோவிலிருந்து ஒசாகா ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டோம். கோயாசானிலிருந்து இறங்கும் நான்காய் ரயில் நம்பாவில் கொண்டுவந்து விடும். கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் நான்காய் ரயிலும் அதே நம்பாவிலிருந்து கிளம்புகிறது. அதனால் கடைசி இரவு நம்பா பக்கத்தில் ஒரு சாதாரண ஹோட்டல். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பதிவு செய்யும் வரிசையும் ஊர் வரிசை அல்ல. தொட்டியுள்ள ரியோகான் அறைகள் ஒரு விடுதியில் சிலவே இருக்கும், அதனால் முதலில் ஹகோனே. பிறகு கோயாசான், பிறகு கியோட்டோ வீடு, நகர ஹோட்டல்கள் கடைசி. செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், இலை சிவக்கும் நவம்பர், ஏப்ரல் 29இல் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை என்றால் மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும். ரியோகான்கள் உங்களுக்காகச் சமையல் பொருள் வாங்குவதால், தேதி நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். அன்றைய தினம் போகாவிட்டால் முழுத் தொகையும் கேட்பார்கள். நகர ஹோட்டல்களில் கட்டணமின்றி ரத்து செய்யும் வகையையே எடுங்கள். ஹகோனே தேதி ஒருநாள் நகர்ந்தால் மற்றவற்றை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.