ஹெலிகாயில் போட்டதாகச் சொல்லிக் கூலி வாங்கினார்கள். உள்ளே இருந்தது டெஃப்லான் டேப்

ஆயில் மாற்றுவதற்காக வண்டியை விட்டிருந்த பட்டறையிலிருந்து மாலையில் அழைத்தார்கள். ஆயில் வடிக்கும் துளையை மூடுகிற டிரெயின் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் கேஸில் மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தது, ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாகத் துளைக்குள் ஏற்றும் கம்பிச்சுருள்) போட்டால்தான் நிற்கும் என்றார்கள். அதற்கு முன் ஆறு முறை நானே ஆயில் மாற்றியிருக்கிறேன். போல்ட் ஒரு நாளும் வழுக்கியதில்லை. ஆனாலும் கழற்றிப்போட்ட வண்டியை வைத்துக்கொண்டு வாதாட முடியாது என்பதால் சம்மதித்தேன்.

கேஸ் அலுமினியம், போல்ட் எஃகு. அளவுக்கு மேல் இறுக்கினால் முதலில் போவது கேஸின் மரைதான். என் வண்டியின் கையேடு இந்தப் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 24 நியூட்டன் மீட்டர் என்று சொல்கிறது. நீளமான ஸ்பேனரின் நுனியைப் பிடித்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தால், அதைப் போல் இரண்டு மடங்கு விசை கைக்குத் தெரியாமலே ஏறிவிடும். பழைய வாஷரையே திரும்பப் போட்டுவிட்டு, கசிவை நிறுத்துவதற்காக மேலும் மேலும் இறுக்குகிறவர்களிடம்தான் இது அதிகம் நடக்கிறது. என் வண்டியிலும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பின்னர் கழற்றியபோது கிடைத்தது, முந்தைய முறை நான் போட்ட, விளிம்பில் கீறல் விழுந்த அதே செம்பு வாஷர்.

ஹெலிகாயிலுக்கு என்று தனியாகக் கூலி வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வண்டி நிற்கும் இடத்தில் நாணயம் அளவுக்கு ஆயில் கறை தெரிந்தது. மூன்றாவது வாரம் ஆயில் மட்டம் எஞ்சினில் உள்ள அளவுக் கண்ணாடியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, காயில் கழன்று வந்துவிட்டது என்று சொல்லி, ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்கள். அதை விரலால் அழுத்தினேன். வளைந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஒடிந்துவிட்டது. உண்மையான ஹெலிகாயில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆனது. அழுத்தினால் எதிர்த்துத் துள்ளுமே தவிர இப்படி ஒடியாது. எனக்குக் காட்டியது என் எஞ்சின் கேஸிலிருந்தே உரிந்து வந்த அலுமினிய மரை.

வேறு பேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அரைச் சுற்றுக்குப் பிறகு போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. அதன் மேல் வெள்ளை டெஃப்லான் டேப், அதற்கு மேல் சாம்பல் நிறப் பசை. போல்ட்டும் என்னுடையதில்லை. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்த லேத்காரர், இது 12 மி.மீ. போல்ட்தான், ஆனால் மரை இடைவெளி 1.75 மி.மீ. என்றார். என் கேஸில் இருக்க வேண்டியது 1.5. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் போல்ட்டை அதில் வலுக்கட்டாயமாக ஏற்றியதில், மிச்சமிருந்த மரையும் வெட்டுப்பட்டிருந்தது. ஆயில் வடிகட்டியைத் திறந்தபோது அதன் வலையிலும் டேப்பின் வெள்ளை நார்கள் ஒட்டியிருந்தன. கசிவைவிட என்னைப் பயமுறுத்தியது இதுதான், ஏனென்றால் வலை அடைபட்டால் பம்புக்குப் போகும் ஆயில் குறைந்துவிடும்.

முறையான வேலை எப்படி இருக்கும் என்பதை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். துளையை நேராகப் பெரிதாக்கி, பள்ளங்களில் கிரீஸ் தடவிய மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டினார். உலோகத் துகள்கள் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸிலேயே ஒட்டிக்கொள்வதற்காகத்தான் அந்தக் கிரீஸ். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கருவியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார். காயிலை வாஷர் அமரும் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்கும்படி திருகி ஏற்றி, அதன் அடியிலிருந்த சிறு நாக்கை உடைத்துக் கையோடு வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். பிறகு கொஞ்சம் ஆயிலை மேலிருந்து ஊற்றித் துளை வழியாக ஓடவிட்டுக் கழுவினார். புது வாஷர், சரியான போல்ட், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச். அதன் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

இந்த வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள், ஆயில் ஊற்றுவதற்கு முன்பே துளையைக் காட்டச் சொல்லுங்கள். காயில் இருந்தால் பளபளக்கும் எஃகுச் சுற்றுகள் டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ஆயில் ஊற்றிவிட்டால் எதையும் பார்க்க முடியாது. ரசீதில் ஹெலிகாயில் என்றும் அதன் அளவையும் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் இருந்தது “போல்ட் வேலை” என்ற இரண்டு சொற்கள் மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அந்தப் பட்டறைக்காரர் அதையே என்னிடம் நீட்டி, போல்ட் போட்டுத்தானே கொடுத்தோம் என்றார்.