குளிரில் ஒளிரும் படிகம்: குறைபாட்டைத் தேட லேசரா, எலக்ட்ரான் கற்றையா?

குறைக்கடத்திப் படிகத்தில் ஒளிந்திருக்கும் மாசையும் குறைபாட்டையும், அது விடும் ஒளியை வைத்தே கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. லேசர் அடித்து ஒளிரவைப்பது போட்டோலுமினசென்ஸ்; ஆய்வுக்கூடப் பேச்சில் பி.எல். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றையால் ஒளிரவைப்பது கேதோடோலுமினசென்ஸ், அதாவது சி.எல். இரண்டிலும் கடைசியில் கைக்கு வருவது நிறமாலைதான் என்பதால், எந்தக் கருவி காலியாக இருக்கிறதோ அதில் மாதிரியை ஏற்றிவிடுகிற வழக்கம் இருக்கிறது. அது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். என்ன குறைபாடு என்பது கேள்வியானால் பி.எல்., எங்கே இருக்கிறது என்றால் சி.எல். எவ்வளவு இருக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டுமே போதாது.

கருவிக்கு முன்பே குளிரைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் சிறு அலகு). திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் அது 6.6 ஆகக் குறைகிறது, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் 0.36. இப்போது படிகத்தின் பக்கத்து எண்களைப் பாருங்கள். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம்) சேர்ந்த எக்ஸிட்டானைப் பிரிக்க கேலியம் ஆர்சனைடில் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் போதும். கேலியம் நைட்ரைடில் 25 வேண்டும், துத்தநாக ஆக்ஸைடில் 60. வெப்ப ஆற்றல் இதைவிட அதிகமானால் எக்ஸிட்டான் உடைந்துவிடும். ஆகவே கேலியம் ஆர்சனைடை நைட்ரஜனில் குளிர்வித்துவிட்டு எக்ஸிட்டான் கோடுகளின் நுணுக்கத்தைத் தேடுவதில் பயனில்லை.

துத்தநாக ஆக்ஸைடில் 77 கெல்வினிலும் எக்ஸிட்டான் உடையாது, சரி. ஆனால் மாசின் பெயரைச் சொல்வது தனி எக்ஸிட்டான் அல்ல, கொடையாளி அணுவில் (எலக்ட்ரானைத் தரும் மாசு) ஒட்டிக்கொண்ட எக்ஸிட்டான். அலுமினியத்துக்கு 3.3608, கேலியத்துக்கு 3.3598, இந்தியத்துக்கு 3.3567 எலக்ட்ரான் வோல்ட்டில் கோடுகள் விழும். முதல் இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான் இடைவெளி. 77 கெல்வினில் இவை அகன்று ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். படிகமும் நன்றாக இருந்து, பத்து கெல்வினுக்குக் கீழேயும் போனால்தான் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியும். ஒரு கோட்டைப் பார்த்ததும் இது அலுமினியம், இது இந்தியம் என்று அணுவின் பெயரையே சொல்ல முடிகிறதே, குளிர்விக்கும் சிரமத்துக்கெல்லாம் அதுவே போதுமான காரணம்.

இந்த வேலையில் பி.எல். முந்தி நிற்பதற்குக் காரணம், தூண்டலை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடிவதுதான். ஃபில்டர்களை மாற்றி மாற்றி லேசர் திறனைப் பல ஆயிரம் மடங்கு கூட்டலாம், குறைக்கலாம். கேலியம் ஆர்சனைடில் 1.49 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் கார்பன் மாசு தரும் இரண்டு முகடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கட்டற்ற எலக்ட்ரான் கார்பன் ஏற்பானில் (எலக்ட்ரானை ஏற்கும் மாசு) விழுவதால் வருவது. இன்னொன்று, கொடையாளியிலிருந்து ஏற்பானுக்குத் தாவும் எலக்ட்ரானால் வருவது. இரண்டாவதன் ஆற்றல் அந்த ஜோடியின் இடைத்தூரத்தைப் பொறுத்தது: நெருக்கமான ஜோடி அதிக ஆற்றல் விடும், ஆனால் தூரத்து ஜோடியைவிட வேகமாக ஒளிர்ந்து தீரும். லேசர் திறனைக் கூட்டினால் தூரத்து ஜோடிகள் நிரம்பிவிட, நெருங்கியவற்றின் பங்கு ஏறி, முகடு மேலே நகர்கிறது. முதல் முகடு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றினால், கொடையாளிகள் எலக்ட்ரானை இழந்து ஜோடி முகடு மங்கும், மற்றது வளரும். இந்த இரண்டு சோதனையும் செய்யாமல் முகடுக்குப் பெயர் வைப்பவரை நான் நம்புவதில்லை.

சிலிக்கான் ஒரு விதிவிலக்கு. அதில் பி.எல். எண்ணிக்கையும் சொல்லும். மாசில் ஒட்டிய எக்ஸிட்டானின் கோட்டுக்கும் தனி எக்ஸிட்டானின் கோட்டுக்கும் உள்ள உயர விகிதத்தை 4.2 கெல்வினில் அளந்து, போரான், பாஸ்பரஸ் அளவைக் கணிக்கும் முறையை 1978-இல் மிச்சியோ தஜிமா காட்டினார். பின்னாளில் அது தொழில்துறையின் தர அளவீட்டு முறையாகவே ஆனது.

சரி, சி.எல். எதில் வெல்கிறது? இடத்தில். லேசர் புள்ளியைச் சாதாரண லென்ஸால் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறுக்கலாம். எலக்ட்ரான் கற்றையோ அதைவிட மிகவும் மெல்லியது. கற்றையால் உண்டான எலக்ட்ரானும் துளையும் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்பதுதான் அங்கே எல்லை. கேலியம் நைட்ரைடில் டிஸ்லொகேஷன் (அணு வரிசை பிசகிய கோடு) மேற்பரப்பைத் தொடும் இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணினாலே டிஸ்லொகேஷன் அடர்த்தி கிடைத்துவிடும். அடுக்குப் பிழைகள் (அணு அடுக்குகளின் வரிசை மாறிய தளங்கள்) 3.42 எலக்ட்ரான் வோல்ட்டில் தனியாக ஒளிர்வதால், அந்த ஆற்றலில் மட்டும் படம் எடுத்தால் அவை கோடு கோடாக வெளிப்படும். வோல்டேஜை மாற்றி ஆழத்தையும் தேர்ந்தெடுக்கலாம்: 5 கிலோவோல்ட்டில் சில நூறு நானோமீட்டருக்குள், 20 கிலோவோல்ட்டில் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டி. வைரம், அலுமினியம் நைட்ரைடு, அறுகோண போரான் நைட்ரைடு போல ஆற்றல் இடைவெளி மிகப் பெரிய பொருள்களில் சி.எல். இன்னும் வசதி. அவற்றுக்கு ஏற்ற ஆழ்ந்த புறஊதா லேசர் அமைப்பது கடினம், எலக்ட்ரானுக்கு அந்தத் தடையே இல்லை.

ஆனால் கற்றை மென்மையானது அல்ல. பி.எல்.-இல் ஒரு ஃபோட்டான் ஒரு ஜோடியை உண்டாக்குகிறது. சி.எல்.-இல் 10 கிலோவோல்ட் எலக்ட்ரான் ஒன்றே கேலியம் நைட்ரைடில் ஆயிரத்தை ஒட்டிய ஜோடிகளை ஒரு சிறு கனஅளவுக்குள் கொட்டுகிறது. கொடையாளி–ஏற்பான் ஜோடிகள் சீக்கிரமே நிரம்பிவிடுவதால், மேலே சொன்ன நுட்பமான சோதனைக்கு இடம் குறைவு. கற்றை மாதிரியையே மாற்றிவிடவும் கூடும். 1989-இல் அமானோவும் அகசாகியும் அவர்கள் குழுவினரும் மெக்னீசியம் சேர்த்த கேலியம் நைட்ரைடை பி-வகையாக (துளைகள் மின்னோட்டத்தைச் சுமக்கும் வகையாக) மாற்றியது குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித்தான். நீல எல்.இ.டி.க்கு வழி திறந்த அதே விளைவு, அளவீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறமாலையை நகர்த்திவிடும். வெப்பநிலையிலும் கவனம் வேண்டும். ஒளியைத் திரட்டும் கண்ணாடிக்காகக் குளிர்மேடை திறந்தே இருப்பதால், சென்சார் 10 கெல்வின் காட்டினாலும் மாதிரி அதைவிடச் சூடாக இருக்கலாம். குளிர்ந்த மேற்பரப்பில் மிச்ச வாயுக்களும் வந்து படியும்.

இரண்டும் திணறும் இடமும் உண்டு. கேலியம் நைட்ரைடின் 2.2 எலக்ட்ரான் வோல்ட் மஞ்சள் பட்டையை எவ்வளவு குளிர்வித்தாலும் அது கூர்மையாகாது. அந்தக் குறைபாடு படிக அதிர்வுகளோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. கேலியம் காலியிடம்தான் (கேலியம் அணு இல்லாத இடம்) காரணம் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. நைட்ரஜன் இடத்தில் அமர்ந்த கார்பன் என்ற விளக்கத்துக்கு 2010-இல் வெளியான கணக்கீடுகள் வலுச் சேர்த்தன. இங்கே ஹீலியத்தில் காசைக் கரைப்பதைவிட, மாதிரியில் கார்பன் எவ்வளவு என்று வேதியியல் முறையில் அளப்பதே மேல்.

ஒளியே விடாத குறைபாடுகளுக்கு டி.எல்.டி.எஸ். (டீப் லெவல் டிரான்சியன்ட் ஸ்பெக்ட்ரோஸ்கோபி) என்ற மின் அளவீட்டு முறை இருக்கிறது. டேவிட் லாங் 1974-இல் கொண்டுவந்த இந்த முறை, சந்தியின் மின்தேக்குத்திறன் மாறும் விதத்தை வைத்துக் குறைபாட்டு மட்டத்தின் ஆழத்தையும் அடர்த்தியையும் சொல்லும். ஆனால் நல்ல ஷாட்கி சந்தி (உலோகமும் குறைக்கடத்தியும் சேரும் எல்லை) அல்லது பி-என் சந்தி (இரு வகைக் குறைக்கடத்திகள் சேரும் எல்லை) வேண்டும். மின்கடத்தாத் துண்டோடு அங்கே போக முடியாது.

ஒரே துண்டில் எல்லாம் செய்வதானால், ஹீலியக் குளிரில் பி.எல்.-ஐ முதலில் முடித்துவிடுங்கள். பிறகு சி.எல்.-க்குப் போகும்போது குறைந்த கற்றை மின்னோட்டத்தில் தொடங்கி, கற்றை பட்ட பகுதியைக் குறித்துவையுங்கள். கடைசியில் அதே பகுதியில் மறுபடி ஒரு பி.எல். எடுங்கள். முதல் நிறமாலையோடு அது பொருந்தவில்லை என்றால், சி.எல். படத்தில் தெரிவதில் எவ்வளவு கற்றையின் வேலை என்று பிரித்துப் பார்த்த பிறகே படத்துக்கு விளக்கம் எழுதுங்கள்.