தாடை உடைந்து பத்தாவது வாரம் மறுபடி ஹாக்கி: மதுரை மருத்துவமனை அனுபவம்

கோவில்பட்டியில் ஒரு லோக்கல் மேட்ச். எதிர் டீம் பையன் சுழற்றிய ஸ்டிக் என் இடது தாடையில் பட்டது. பக்கத்து கிளினிக்கில் வெறும் வீக்கம்தான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி இட்லியைக் கடிக்கப் போனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே இல்லை, கீழுதடு வேறு மரத்துக் கிடந்தது. மறுநாள் காலை இந்த மருத்துவமனையின் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட்டோம்.

டாக்டர் முதலில் கேட்டதே, "தம்பி, பல்லைக் கடிச்சுப் பாருங்க, பழையபடி சேருதா?" என்றுதான். நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்ததை அம்மாவிடம் காட்டி, இது இருந்தால் எலும்பு உடைந்திருக்க நிறைய வாய்ப்பு என்றார். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் ஞானப்பல் புதைந்திருந்த இடத்தின் வழியாகவே விரிசல் ஓடியிருந்தது, அந்தப் பல் இருப்பதால் தாடையின் மூலை பலவீனமாக இருக்குமாம். ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கமும் உடைந்திருக்கலாம் என்று சிடி ஸ்கேனும் எடுத்து, காதோரத்து மூட்டு வரை பார்த்தார்கள். நல்லவேளை, அங்கே ஒன்றும் இல்லை.

கம்பி கட்டி நாலு முதல் ஆறு வாரம் வாயைப் பூட்டி வைக்கலாம், இல்லையென்றால் பிளேட் வைக்கலாம் என்று இரண்டையும் விளக்கிச் சொன்னார்கள். நான் பிளேட் கேட்டேன். வாய்க்குள்ளேயே கீறி டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்ததால் முகத்தில் தழும்பே இல்லை. சாப்பாட்டு விஷயத்தில்தான் குறை. மென்மையான உணவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்ததோடு சரி, ராகிக் கூழும் மிக்ஸியில் அரைத்த பருப்புச் சோறுமாக அம்மா சமாளித்தும் 4 கிலோ இறங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரக் காத்திருப்பு வேறு.

ஆனால் மறுபடி எப்போது ஆடலாம் என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் இரண்டு வாரம் நடை மட்டும், அப்புறம் சைக்கிள். வெயிட் தூக்கும்போது நம்மை அறியாமல் பல்லைக் கடிப்போம் என்பதால் ஆறு வாரம் ஜிம் பக்கமே போகக்கூடாது. அதற்குப் பிறகு தனியாகப் பந்து அடிக்கலாம், எட்டு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்த்துத்தான் மோதல் உள்ள ஆட்டம். 2002இல் ஆன்டிகுவா கிரிக்கெட் டெஸ்டில் உடைந்த தாடையோடு அனில் கும்ப்ளே 14 ஓவர் வீசி லாராவை எடுத்ததை எங்கள் கோச் ஞாபகப்படுத்தினார். எனக்கும் கும்ப்ளே உயிர்தான், ஆனால் அவரும் அந்த ஓவர்களை வீசிவிட்டு ஆபரேஷனுக்கு ஊர் திரும்பினார் என்பதை யாரும் சொல்வதில்லை.

மவுத்கார்டும் இங்கேயே செய்துகொண்டேன். பல்லை அச்செடுத்து, அந்த மாடல் மேல் சூடான ஷீட்டை அழுத்திச் செய்கிறார்கள். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கிற ரகம் ஓடும்போது கழன்றுவிடும், இது அசைவதில்லை, போட்டுக்கொண்டே கத்திப் பாஸ் கேட்கலாம். பல்லைக் காப்பாற்றும், தாடை உடையவே உடையாது என்று மட்டும் நினைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பத்தாவது வாரம் முழு மேட்ச் ஆடினேன். மோவாயில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், போகும்போதெல்லாம் பஞ்சால் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கிறார்கள்.