கறிவேப்பிலையா, புச்சுவா, நார்ச்சித் தோலா: டர்பன் வீட்ல ஜின் டானிக் போட்டுப் பாத்த கதை

சௌத் ஆப்பிரிக்கா டர்பன்ல டிசம்பர் வந்துட்டா ராத்திரி ஒன்பது மணிக்கும் சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டேதான் இருக்கும், அந்தப் புழுக்கத்துல எனக்கு பீர் ரெண்டு மடக்குக்கு மேல இறங்காது, ஜின் டானிக்தான், அதாவது ஜின்ல கசப்பான டானிக் சோடா கலந்தது. ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை வீட்லயே விதவிதமா கலந்து பாத்து, எது எவ்ளோ போட்டேன், எப்படி இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வரேன். கூட்டாளிங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி, "எந்த ஜின் வாங்கட்டும்?" நோட்டைப் புரட்டிப் பாத்தா அதுல வேற ஒண்ணுதான் திரும்பத் திரும்ப வருது. சேக்குற சாமானை ஜின்ல ஊற வைக்கிறோமா இல்ல கடைசியா கிளாஸ்ல போடுறோமா, அதுலதான் பாதி விஷயம் இருக்கு. ஒரே கறிவேப்பிலை, ஒரு வழியில போட்டா அமிர்தம், இன்னொரு வழியில போட்டா சிங்க்ல ஊத்த வேண்டியதுதான்.

முதல்ல ஜின்னு சொன்னாலே ஏதோ வெள்ளக்காரன் சமாச்சாரம்னு ஒதுங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஜூனிபர் காய் இல்லாம ஜின் கிடையாது, சரி, அதுக்கு அடுத்தபடியா அனேகமா எல்லா ஜின்லயும் இருக்கிறது கொத்தமல்லி விதை. பாம்பே சஃபையர்ல பத்து சாமான் போடுறாங்க, அதுல கொத்தமல்லி, அதிமதுரம், வால்மிளகு, பாதாம், எலுமிச்சைத் தோல் எல்லாம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில பாட்டி எழுதிக் குடுத்த சீட்டு மாதிரி இல்ல? அதனால நம்ம அஞ்சறைப்பெட்டியத் திறந்து இதுக்குள்ள போடுறதுல தப்பே இல்ல, அது ஏற்கனவே அங்க இருக்கிற சாமான்தான்.

இப்ப ஜின். நான் ரெண்டை மட்டும் எதிரெதிரா வெச்சுப் பாத்தேன். ஒண்ணு இங்க எந்த மதுக்கடையிலயும் கிடைக்கிற கார்டன்ஸ். இன்னொண்ணு ஸ்டில் பே ஊர்ல செய்யுற இன்வரோஷ், அது கேப் பக்கத்துல புதர் புதரா வளர்ற ஃபைன்போஸ் செடிங்களைப் போட்டுக் காய்ச்சுறது, கிளாசிக், வெர்டன்ட், ஆம்பர்னு மூணு இருக்கு. சௌத் ஆப்பிரிக்காவுல ஜின்னுக்கு 43 சதவீத ஆல்கஹால் கட்டாயம், அதனால இங்கிலாந்துல 37.5ல விக்கிற கார்டன்ஸ் கூட இங்க கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், ஊற வைக்கிறதுக்கு அது ரொம்ப நல்லது, வாசனை நல்லா இறங்கும். இன்வரோஷ் வெர்டன்டை வெறும் ஐஸ்லயும் டானிக்லயும் குடிச்சா பிரமாதம், பூ வாசனை, மூக்குல கடைசி வரைக்கும் நிக்கும். ஆனா அதுல போய் ஏலக்காயோ கறிவேப்பிலையோ போட்டா ரெண்டும் சண்டை போடுது. யாரோ ஒருத்தங்க பாத்துப் பாத்து சேத்து வெச்சதுல நாம கை வெக்கக் கூடாது. நாமளே விளையாடணும்னா விலை கம்மியான, ஜூனிபர் நேரா தெரியுற சாதா லண்டன் ட்ரை வகை ஜின்தான் சரி. கார்டன்ஸ்க்கு என் ஓட்டு.

சங்குப்பூ பத்தியும் கேக்குறாங்க, ஏன்னா சிக்ஸ் டாக்ஸ் ப்ளூன்னு இங்க ஒரு ஜின் நீலமா இருக்கும், டானிக் ஊத்தினதும் ரோஸ் கலருக்கு மாறும், அது சங்குப்பூ வேலைதான். டானிக்ல இருக்கிற புளிப்பு பட்டதும் கலர் மாறுது, குழந்தைங்க மாதிரி எல்லாரும் கை தட்டுவாங்க, வீட்லயும் நாலு காஞ்ச பூவைப் போட்டா அதே கலர் வரும். ருசியில ஒண்ணும் கிடையாது. கண்ணுக்கு மட்டும் போதும்னா போடுங்க.

உண்மையான போட்டி உள்ளூர் சாமானுக்கும் நம்ம சாமானுக்கும்தான். புச்சு இலை கேப் மலையில வளருது, கோய், சான் மக்கள் காலங்காலமா மருந்தா வெச்சிருந்தது. நசுக்கினா புதினாவும் பிளாக்கரன்ட் பழமும் சேந்த மாதிரி வாசனை. முதல் தடவை மூந்து பாத்தப்ப ஆகா இதுதான்னு நெனச்சேன். 200 மிலி ஜின்ல ஒரு டீஸ்பூன் காஞ்ச இலை போட்டு ராத்திரி வெச்சேன், காலையில ஜூனிபர் எங்க போச்சுன்னே தெரியல, தைலம் குடிக்கிற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது தடவை வெறும் இருபது நிமிஷம், அப்ப அழகா வந்துச்சு. இங்க டீயா போட்டுக் குடிக்கிற ரூய்போஸ் அப்படி அடாவடி கிடையாது, பத்து பதினஞ்சு நிமிஷத்துல தேன் கலர் இறங்கிடும், கொஞ்சம் மண்வாசனையும் இனிப்பும் வரும், அதுக்கு மேல விட்டா நாக்குல துவர்ப்பு ஒட்டிக்கும். ரெண்டுமே வாட்ச்சைப் பாத்துக்கிட்டே செய்ய வேண்டிய வேலை.

நம்ம பக்கம் வந்தா ஏலக்காய் ஒரு ரவுடி. ரெண்டு காயைத் தட்டிப் போட்டா நாலு மணி நேரத்துல மொத்த ஜின்னும் பாயசம் ஆகிடுது, ஒண்ணே ஒண்ணு, ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். கொத்தமல்லி விதை அப்படியே நேர் எதிர், வெறும் கடாயில வாசம் வர்ற வரைக்கும் லேசா சூடு காட்டி, ஒண்ணும் பாதியுமா இடிச்சு, 200 மிலிக்கு ஒரு டீஸ்பூன் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டாலும் கசக்காது, எலுமிச்சை மாதிரி ஒரு வெளிச்சம் வரும் ஜின்னுக்கு. இங்க இதைத் தமிழ் குடும்பங்கள்லயும் தனியான்னுதான் சொல்றாங்க.

கறிவேப்பிலைதான் என் மனசுல இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி நாலு தலைமுறையா இந்த நேட்டால் பக்கத்துக் குடும்பம், தமிழ் பேச வராது, ஆனா வாசல்ல அவங்க பாட்டி வெச்ச கறிவேப்பிலை மரம் இன்னமும் நிக்குது, மதில் மேல எட்டி ஒரு கொத்து ஒடிச்சுக் குடுப்பாங்க. முதல்ல அதை மத்ததெல்லாம் மாதிரியே ஊற வெச்சேன், மூணு நாள். முதல் நாள் பச்சையா கண்ணாடி மாதிரி அழகு, மூணாவது நாள் பழுப்பு, மூடியத் திறந்தா ஈர வைக்கோல் வாசனை. சாராயம் இலையோட பச்சையெல்லாம் உறிஞ்சிடுது, கசப்பும் கூடவே வந்துடுது. அப்புறம் அவங்கதான் சொன்னாங்க, "யூ டோன்ட் குக் இட் மா, ஜஸ்ட் ஹிட் இட்". என் மனைவி ஒரு ஈர்க்கை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு பட்டுனு ஒரு தட்டு தட்டி, ஊத்தி முடிச்ச கிளாஸ்ல அப்படியே சொருகினா. குடிக்க கிளாஸைத் தூக்குறப்ப மூக்குக்கு முதல்ல வர்றது தாளிப்பு வாசனை, எண்ணெய் இல்லாம, சூடு இல்லாம, அதுக்கு அடியில டானிக்கோட கசப்பு. அன்னைக்கு நோட்டுல வேற எதுவும் எழுதல, தேதியும் "கறிவேப்பிலை, கிளாஸ்ல"ன்னும் மட்டும்தான்.

அதுலேர்ந்து பிடிச்ச நூல்தான் இது: விதை, பட்டை, காய் எல்லாம் ஊறட்டும், பச்சை இலையும் தோலும் கிளாஸ்ல கடைசியா. தோல்னு சொன்னா நார்ச்சி தோல். குளிர்காலத்துல ரோட்டோரம் வலைப்பை வலைப்பையா விக்கிறாங்களே அந்த நார்ச்சி, ஆப்பிரிகான்ஸ் வார்த்தைன்னுதான் எல்லாரும் நெனச்சிருக்காங்க, அதோட மூலம் நம்ம நாரத்தை, அகராதியிலயே போட்டிருக்கு. பழம் நம்ம ஊறுகாய் நாரத்தை இல்ல, கமலா ஆரஞ்சு ஜாதி. தோலை வெந்நீர்ல நல்லா கழுவி, ஒரு ரூபாய் அகலத்துக்கு நறுக்கி, வெள்ளைப் பக்கம் நம்மளைப் பாக்க கிளாஸ் மேல வெச்சு மடிச்சு அழுத்தினா சின்னச் சின்னத் துளியா எண்ணெய் பீச்சும், லைட்டுக்கு நேரா பாத்தா டானிக் மேல வட்ட வட்டமா மிதக்குறது தெரியும். எலுமிச்சைத் துண்டு இதுக்குப் பக்கத்துல நிக்காது. எலுமிச்சை புளிப்பைத்தான் கூட்டுது, டானிக்ல அது ஏற்கனவே இருக்கு.

டானிக்ல பெரிய ஆராய்ச்சி வேண்டாம், சாதா இந்தியன் டானிக் போதும். ஃபிட்ச் அண்ட் லீட்ஸ் பிங்க் டானிக்ல ரோஜாவும் வெள்ளரியும் இருக்கு, தனியா அது ருசியானதுதான், ஆனா கறிவேப்பிலையோட சேராது, புச்சுவோட சேரும். ஃபீவர் ட்ரீ விலை ஜாஸ்தி, கேஸ் கடைசி வாய் வரைக்கும் நிக்குது, விருந்தாளி வந்தா வாங்குவேன். லேபிள்ல சர்க்கரையைப் பாருங்க, 2018 ஏப்ரல்லேர்ந்து 100 மிலிக்கு 4 கிராமுக்கு மேல போனா இங்க வரி உண்டு, சர்க்கரை ஏற ஏற மசாலா வாசனை அமுங்கிடும்.

சில பேர் டானிக்குக்குக் கசப்பு குடுக்கிற கொய்னா இருக்கிற சிங்கோனா பட்டையை வாங்கி வீட்லயே டானிக் காய்ச்சுறாங்க. நான் ஊட்டிப் பக்கம் வளந்தவன், கொய்னா ஃபேக்டரி இருந்த நடுவட்டம் வழியா பஸ்ல போனவன், எனக்கும் அந்த ஆசை பயங்கரமா வந்துச்சு. ஆனா பட்டையில கொய்னா எவ்ளோ இறங்குதுன்னு வீட்ல அளக்க வழியே இல்ல. அமெரிக்காவுல டானிக் லிட்டருக்கு சுமார் 83 மில்லிகிராம்தான் விடுறாங்க, அளவு மீறினா காது இரைச்சல், பார்வை மங்கல்னு போகும். தயவுசெஞ்சு பாட்டில் டானிக்கே வாங்குங்க.

இப்ப எங்க வீட்ல நிரந்தரமா நிக்கிறது இது: ஒரு நாள் கொத்தமல்லி ஊறி வடிகட்டின கார்டன்ஸ் ரெண்டு டாட், அதாவது 50 மிலி, கிளாஸ் நெறைய ஐஸ், ஃப்ரிட்ஜ்ல ஜில்லுனு இருந்த டானிக் 150 மிலி, மெதுவா ஓரமா ஊத்தி ஒரே ஒரு கிண்டு, நார்ச்சி தோல் ஒரு அழுத்து, தட்டின கறிவேப்பிலை ஈர்க்கு ஒண்ணு. நார்ச்சி சீசன் முடிஞ்சா ஆரஞ்சு தோல். கரன்ட் கட் ஆகி ஐஸ் பாதி கரைஞ்சு கிடந்தா அன்னைக்குப் போடாதீங்க, கரையுற ஐஸ்ல எல்லாமே தண்ணியா போயிடும், கறிவேப்பிலையை ரசத்துக்கு வெச்சிடுங்க.