மண்டபத்துக்கும் சபாவுக்கும் எந்த கேம்கார்டர்?

கேம்கார்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "4கே இருக்கா?" என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: மேடைக்கும் உங்கள் ஸ்டாண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? கல்யாண ரிசப்ஷன், கச்சேரி, பட்டிமன்றம், அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா என்று நம் பக்கத்து வீடியோ வேலைகளில் பெரும்பாலானவை கூரைக்குக் கீழே, அரைகுறை வெளிச்சத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று எடுப்பவை. கடற்கரையிலும் மலைச்சரிவிலும் எந்த கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். அதனால் இந்த ஒப்பீட்டை மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி, கடைசி வரிசைக்குப் பின்னால் போட்ட ஸ்டாண்டிலிருந்து செய்கிறேன்.

எடுத்துக்கொண்டவை ஐந்து. சோனியின் என்எக்ஸ்100 (2015), என்எக்ஸ்5ஆர் (2016), இசட்90 (2017). கேனன் எக்ஸ்ஏ55 (2019). பேனசோனிக் சிஎக்ஸ்350 (2019). முதல் இரண்டும் முழு எச்டி மட்டுமே எடுப்பவை, மற்ற மூன்றும் அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே எடுப்பவை. என்எக்ஸ்5ஆர் தவிர மற்ற நான்கிலும் 1 இன்ச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்). என்எக்ஸ்5ஆரில் 1/2.8 இன்ச் சென்சார்கள் மூன்று. லென்ஸ் வழியே வரும் ஒளியை ப்ரிசம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் அனுப்பும்.

ஸ்பெக் ஷீட்டில் 12 மடங்கு, 15 மடங்கு, 20 மடங்கு என்று ஜூம் எண்கள் வரிசையாக நிற்கும். அந்த மடங்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடான குவியத் தூரக் கணக்கில் (எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் நெருங்கும்) இசட்90, என்எக்ஸ்100 இரண்டும் 29இல் தொடங்கி 348இல் முடிகின்றன. எக்ஸ்ஏ55 25.5இலிருந்து 382 வரை, சிஎக்ஸ்350 24.5இலிருந்து 490 வரை, என்எக்ஸ்5ஆர் 28.8இலிருந்து 576 வரை போகின்றன. தூரத்தை 36ஆல் பெருக்கி இந்தக் கடைசி எண்ணால் வகுத்தால், முழுக்க ஜூம் செய்தபோது ஃப்ரேமில் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். 25 மீட்டரில் இசட்90க்கும் என்எக்ஸ்100க்கும் 2.6 மீட்டர், எக்ஸ்ஏ55க்கு 2.4, சிஎக்ஸ்350க்கு 1.8, என்எக்ஸ்5ஆருக்கு 1.6.

இதைக் கச்சேரி மேடையில் வைத்துப் பாருங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்த பாடகரின் உயரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. 1.6 மீட்டர் அகல ஃப்ரேமின் உயரமும் அவ்வளவுதான். என்எக்ஸ்5ஆரில் தலையிலிருந்து மடி வரை பாடகர் ஒருவரே ஃப்ரேமை நிறைத்துவிடுவார்; ஸ்வரம் பாடும்போது கை போகிற போக்கும், நிரவலில் முகம் மாறுவதும் தெரியும். 2.6 மீட்டர் ஃப்ரேமில் அவரோடு மைக் ஸ்டாண்டும், வயலின்காரரின் முழங்கையும், பின்னால் தம்புரா போடுகிறவரின் பாதி முகமும் சேர்ந்து வரும். குளோசப் கேட்கிற ரசிகருக்கு அது குளோசப்பே இல்லை. மிருதங்க வித்வானின் விரல்கள் மட்டும் வேண்டுமென்றால் ஐந்தில் எதுவும் அங்கிருந்து எட்டாது. அதற்குப் பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். 1 இன்ச் சென்சார் என்றால் இருட்டில் பிரமாதம் என்று சொல்லி விற்பார்கள். பாதி உண்மை. அந்த நான்கு கேமராக்களின் லென்ஸும் ஜூம் செய்யாத வைட் முனையில் எஃப் 2.8 (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம்), ஜூம் செய்யச் செய்ய லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறைந்து, முழு ஜூமான டெலி முனையில் எஃப் 4.5 ஆகிவிடும். என்எக்ஸ்5ஆரின் லென்ஸ் எஃப் 1.6இல் தொடங்கி 3.4இல் முடிகிறது. வைடில் மூன்று மடங்கும், டெலியில் முக்கால் மடங்கு கூடுதலும் ஒளியை அது உள்ளே விடுகிறது. போதாக்குறைக்கு, ஒற்றைச் சென்சாரின் மேல் படிந்த வண்ண வடிகட்டிகள் விழுங்கிவிடும் ஒளியை ப்ரிசம் வீணாக்குவதில்லை. சென்சாரின் பரப்பில் 1 இன்ச் பல மடங்கு பெரிது என்பதால் காகிதத்தில் தெரிகிற இடைவெளி, கடைசி வரிசையில் டெலி முனைக்கு வரும்போது பெருமளவு சுருங்கிவிடுகிறது. 2003இல் வந்த சோனியின் பிடி170ஐ வைத்து வருஷக்கணக்கில் தொழில் செய்தவர்கள், மங்கலான மண்டபத்திலும் அது தாக்குப்பிடித்ததைச் சொல்வார்கள். அதிலும் எஃப் 1.6 லென்ஸ்தான் இருந்தது.

ஆகவே வேலையில் பெரும்பகுதி கச்சேரி, சொற்பொழிவு, பட்டிமன்றம் என்றால் என் ஓட்டு என்எக்ஸ்5ஆருக்குத்தான். 4கே இல்லை, பழைய மாடல், செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டியிருக்கும். இருந்தும் அந்த நாற்காலி வரிசைக்குப் பின்னால் நிற்கும்போது அதன் லென்ஸ் தருவதை மற்றவை தருவதில்லை.

கல்யாணம் வேறு கதை. அங்கே மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறோம். தூரம் பத்தடி, சுற்றிலும் சொந்தக்காரர்கள். இங்கே லென்ஸின் வைட் முனைதான் முக்கியம். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 29 மி.மீ. லென்ஸ் 3.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது, எக்ஸ்ஏ55இன் 25.5 மி.மீ. லென்ஸ் 4.2 மீட்டரை. அந்த அரை மீட்டரில் ஓர் அத்தையோ மாமாவோ நிற்பார், ஆல்பம் பார்க்கும் நாளில் அவர் விடுபட்டது பெரிய விஷயமாகும். வீட்டுக்கூடத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்தில் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும்.

கல்யாணத்தில் இரண்டாவது சிக்கல் ஃபோகஸ். 1 இன்ச் சென்சாரில் பின்னணி மெல்ல மங்கி மணப்பெண்ணின் முகம் எடுப்பாகத் தெரியும். வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பது அதைத்தான். ஆனால் ஃபோகஸ் கொஞ்சம் நழுவினாலும் உடனே தெரிந்துவிடும். இசட்90இல் 273 புள்ளிகள் கொண்ட ஃபேஸ் டிடெக்ஷன் ஆட்டோஃபோகஸ் இருக்கிறது. எக்ஸ்ஏ55இல் கேனனின் டூயல் பிக்சல் முறை. இரண்டுக்கும் ஃபோகஸை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். என்எக்ஸ்100, சிஎக்ஸ்350 இரண்டும் கான்ட்ராஸ்ட் முறையில் முன்னும் பின்னும் போய்த் தேடிப் பிடிப்பவை. ஹோமப் புகை எழும்போதும், தாலி கட்டும் நேரத்தில் யாரோ குறுக்கே போகும்போதும் அவை தடுமாறும் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு நொடியை மறுபடி எடுக்க முடியாது.

என்எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் முகூர்த்த நேரத்தில் ஆட்டோவை அணைத்துவிட்டு ரிங்கில் கையை வைத்துக்கொள்வது நல்லது. ஃபோகஸ், ஜூம், ஐரிஸ் (ஒளி விடும் துளை) மூன்றுக்கும் அதில் தனித்தனி ரிங் உண்டு. கை பழகியவருக்கு அது வரம். இசட்90இலும் எக்ஸ்ஏ55இலும் ஒரே ரிங், அதை ஃபோகஸுக்கும் ஜூமுக்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கேமராவை நம்பி எடுப்பவருக்கு இசட்90, எக்ஸ்ஏ55. கையை நம்பி எடுப்பவருக்கு என்எக்ஸ்100, சிஎக்ஸ்350 என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஃபோட்டோகிராபரின் ஃப்ளாஷ் இன்னொரு தொல்லை. இந்த கேமராக்களில் இருக்கும் சீமாஸ் வகைச் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஃப்ளாஷ் அடிக்கும் கணத்தில் பாதி ஃப்ரேம் மட்டும் வெளுத்துப்போகும். இசட்90இல் இருக்கும் அடுக்குச் சென்சார் வேகமாகப் படிக்கிறது, அதனால் வேகமான அசைவில் படம் சாய்வதும் குறைவு. வெட்டுப்பட்ட ஃப்ளாஷ் பட்டை அடியோடு மறைந்துவிடும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சிவப்புப் பட்டுச்சேலை கேமராவுக்குப் பரீட்சை. 8 பிட், 4:2:0 பதிவில் வண்ணத் தகவல் படத்தின் கால் பங்கு அளவுக்குத்தான் சேமிக்கப்படுகிறது. அடர்சிவப்பின் ஓரங்களில், ஜரிகையும் பட்டும் சேரும் இடத்தில், அது சிறு கட்டங்களாகத் தெரியும். என்எக்ஸ்100, என்எக்ஸ்5ஆர் இரண்டும் உள்ளே பதிவது அப்படித்தான். இசட்90 எச்டியில் 10 பிட், 4:2:2 (வண்ணத் தகவல் அதைப்போல் இரு மடங்கு) பதிகிறது, சிஎக்ஸ்350ம் அப்படியே. எடிட்டிங்கில் கலர் சரிசெய்யும் பழக்கம் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் காசு கொடுக்கத் தகுந்தது. எடுத்ததை அப்படியே கோத்துப் பென்டிரைவில் கொடுப்பவருக்கு அவ்வளவு இல்லை.

இப்போது மண்டபத்துக்கு மண்டபம் எல்ஈடி திரை வந்துவிட்டது. கேமராவிலிருந்து, திரைக்குப் படம் அனுப்பும் மிக்ஸருக்கு நேரடியாக ஒயர் இழுக்க வேண்டும். எச்டிஎம்ஐ ஒயர் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பிக்கைக்குரியதல்ல, யாராவது கால் இடறினால் கழன்றும் விடும். தொழில்முறை வீடியோவுக்கான எஸ்டிஐ ஒயர் பல மடங்கு தூரம் போகும், அதன் பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்ளும். இந்த ஐந்தில் எஸ்டிஐ இல்லாதது என்எக்ஸ்100 மட்டும். விலை குறைவென்று இசட்90க்குப் பதிலாக அதன் தம்பி என்எக்ஸ்80ஐயோ, எக்ஸ்ஏ55க்குப் பதிலாக எக்ஸ்ஏ50ஐயோ வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: அவற்றில் இந்த எஸ்டிஐ விட்டுப்போகிறது. லைவ் வேலை செய்பவருக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது.

ஒலியில் ஐந்தும் சமம். எல்லாவற்றிலும் தொழில்முறை மைக் ஒயர் சொருகும் எக்ஸ்எல்ஆர் உள்ளீடுகள் இரண்டு உண்டு. இசட்90இலும் எக்ஸ்ஏ55இலும் அவை கழற்றக்கூடிய மேல் கைப்பிடியில் இருப்பதால், கைப்பிடியைக் கழற்றினால் அவையும் போய்விடும். மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒயர் வாங்கும்போது உள்ளீட்டை 'லைன்' என்று மாற்றி, மைக்குக்காக கேமரா தரும் 48 வோல்ட்டை அணைத்துவிடுங்கள். ஒரு சேனலில் மிக்ஸர், இன்னொன்றில் சொந்த மைக். காரணம், மேளத்துக்கு மைக் வைக்காத மண்டபங்களில் மிக்ஸர் ஒலியில் நாதஸ்வரமும் தவிலும் எங்கோ தூரத்தில்தான் கேட்கும். ஒலி அளவை ஆட்டோவில் விடவே கூடாது: கெட்டிமேளம் கொட்டியதும் கேமரா ஒலியை அமுக்கிவிட்டு, அடங்கியதும் கூட்டத்தின் சலசலப்பைத் தூக்கிக் கொடுக்கும். தோளில் வைத்து எடுக்கும் சோனியின் எம்சி2500ஐ இந்த வரிசையில் நான் சேர்க்காததற்கு அதன் 1/4 இன்ச் சென்சார் காரணம். 

சரி, 4கே. அதன் உண்மையான பயன், எச்டியில் கொடுக்கும் படத்தை எடிட்டிங்கில் இரண்டு மடங்கு வெட்டிக்கொள்ளலாம் என்பது. இசட்90இல் 4கேயில் எடுத்த 2.6 மீட்டர் ஃப்ரேமை 1.3 மீட்டராக வெட்டினாலும் எச்டி குறையாது. என்எக்ஸ்5ஆரின் எட்டலை அப்படி எட்டிவிடலாம். ஆனால் படத்தோடு இரைச்சல் புள்ளிகளும் பெரிதாகும். நேரடியாகத் திரைக்குப் போகும் படத்துக்கு இந்த வித்தை உதவாது. இசட்90, எக்ஸ்ஏ55 இரண்டுக்கும் நம் ஊர் மின்சாரத்துக்கேற்ற 50 ஹெர்ட்ஸ் முறையில் 4கே என்றால் நொடிக்கு 25 ஃப்ரேம்தான். பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும். பரதநாட்டியத்தில் வேக காலத்தில் அடவு போடும்போது கால் அசைவு திக்கித் திக்கித் தெரியும். சிஎக்ஸ்350 4கேயிலும் 50 ஃப்ரேம் தருகிறது, அதன் 490 மி.மீ. லென்ஸும் அரங்கத்துக்குப் பொருந்துகிறது. அரங்கேற்றங்களை முதன்மையாக எடுப்பவர் இரண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் அதன் எடையைப் பொறுத்துக்கொண்டு அதையே வாங்கலாம்.

எச்டியில் நொடிக்கு 50 மெகாபிட் பதிந்தால் மணிக்கு 22.5 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஐந்தரை மணி நேரம் அடங்கும். ஐந்திலும் இரண்டு கார்டு இடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வையுங்கள். முகூர்த்தத்தை இழந்தால் எந்த வாடிக்கையாளரையும் சமாதானப்படுத்த முடியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கேமரா என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மாறுமா என்று முதலில் பார்க்கவும். மாறாவிட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தி ஓரளவு சமாளிக்கலாம்.

லென்ஸ் மாற்றக்கூடிய மிர்ரர்லெஸ் ஃபோட்டோ கேமரா வாங்கினால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எஃப் 1.8 லென்ஸில் அது எடுக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கு இந்த ஐந்தும் ஈடாகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முழுஃப்ரேம் கேமராவில் 70-200 லென்ஸைப் போட்டு அதே கடைசி வரிசையில் நின்றால், முழுக்க ஜூம் செய்தும் ஃப்ரேம் அகலம் 4.5 மீட்டர். பட்டனை மெல்ல அழுத்தினால் சீராக நகரும் ஜூமும் அதில் கிடையாது. ஐரோப்பியச் சுங்க வரிக்காக வைத்திருந்த 29 நிமிடம் 59 நொடி என்ற தொடர் பதிவு வரம்பு புதிய மாடல்கள் பலவற்றில் போய்விட்டது. ஏசி ஓடாத மண்டபத்தில் சூடேறி நிற்கும் ஆபத்து போகவில்லை. கேண்டிட் எடுக்க அது, மேடையைத் தொடர்ந்து எடுக்க கேம்கார்டர் என்று இரண்டும் சேர்ந்து நிற்பதே நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, எத்தனை மணி நேரம் ஓடியது என்பது சோனியின் பல மாடல்களில் மெனுவிலேயே தெரியும், அதைக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் வரும். முழுக்க ஜூம் செய்து, ஷட்டரை 1/50இல் வைத்து, கடைக்குள்ளேயே மங்கலான மூலையை ஐந்து நிமிடம் எடுத்து, அந்தக் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.