இடது முட்டியும் நான்கு வருடக் கிளிப்லெஸ் பெடலும்

என் சைக்கிளில் இருப்பது கிளிப்லெஸ் பெடல், அதாவது ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் பெடல். அதில் பூட்டிக்கொள்ள ஷூவின் அடியில் இருக்கும் துண்டுதான் கிளீட். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளீட்டை மாற்றினேன். புதன்கிழமை இடது முட்டியின் உள்பக்கம் பழையபடி வலிக்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை நண்பன் ஒருவன் போனில் கேட்கிறான்: "எனக்கு முட்டி வலி இருக்குடா. கிளிப்லெஸ் போட்டா சரியாகும்னு சொல்றாங்க. நீ நாலு வருஷமா ஓட்டறியே, எது வாங்கலாம்?" அன்றைக்கு இருந்த எரிச்சலில் "எதுவும் வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டவனுக்கு அது போதுமான பதில் இல்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன். அவனைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

என்னிடம் இருப்பது ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகை. பெடலின் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் மாட்டலாம். ஷூவில் இரண்டு போல்ட் போட்டுப் பொருத்தும் சின்ன உலோகக் கிளீட். நான்கு வருடத்தில் இரண்டு முறை கிளீட் மாற்றியாயிற்று. பேரிங் இன்றுவரை சத்தமில்லாமல் சுற்றுகிறது. மழையிலும் சேற்றிலும் ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் மாட்டாமல் மக்கர் செய்ததில்லை. பெடலின் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இனி சொல்வதெல்லாம் முட்டியைப் பற்றித்தான்.

கிளிப்லெஸ் பெடல் எந்த முட்டி வலியையும் தானாகச் சரிசெய்யாது. அது காலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். அந்த இடம் சரியாக அமைந்தால் முட்டிக்கு நிம்மதி. தப்பாக அமைந்தால் அதே தப்பு நிமிடத்துக்கு 80 முறை, ஒரு மணி நேரத்தில் 4,800 முறை நடக்கும். தட்டைப் பெடலில் வலி எடுத்தால் கால் தானாகக் கொஞ்சம் நகர்ந்து தனக்குத் தோதான இடத்தைத் தேடிக்கொள்ளும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கிளீட் மாட்டிய காலுக்கு அந்த வசதி போய்விடுகிறது. மிஞ்சுவது ஃப்ளோட் மட்டும்தான், அதாவது மாட்டியிருக்கும்போதே குதிகால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைய விடும் இடம்.

விசாரித்தால் எல்லாரும் முதலில் சொல்வது இந்த ஃப்ளோட் கணக்கைத்தான். ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் ரோடு பெடலில் சிவப்புக் கிளீட் 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் நிறுவனத்தின் கியோ பெடலில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. கவனியுங்கள், ஒன்றில் சிவப்பு என்றால் அசையவே அசையாது, இன்னொன்றில் சிவப்புதான் அதிகமாக அசையும். நிறத்தை மட்டும் மனதில் வைத்து வாங்கினால் வேண்டியதற்கு நேர் எதிரானது கைக்கு வந்துவிடும். ஸ்பீட்பிளே ஜீரோ வகையில் 15 டிகிரி வரை நாமே கூட்டிக் குறைக்கலாம், காலை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் அதில் இல்லை. முட்டி வலிக்காரர் பூஜ்ய டிகிரிக் கிளீட்டைத் தொடவே வேண்டாம்.

ஆனால் எத்தனை டிகிரி என்பதை விட, அந்த அசைவின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுப் பாருங்கள். என் வலது பாதம் நேராகத் தொங்கும். இடது பாதத்தின் விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். நான் முதலில் இரண்டு கிளீட்டையும் ஷூவின் நடுக்கோட்டுக்கு நேராக, அளந்து, அழகாக மாட்டியிருந்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. இடது காலோ ஓட்டும்போதெல்லாம் ஃப்ளோட்டின் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பெட்டியில் என்ன டிகிரி போட்டிருந்தாலும் அந்தக் காலுக்கு வேண்டிய திசையில் இருந்தது பூஜ்யம். விரல்கள் வெளியே பார்க்க வேண்டுமானால் கிளீட்டின் மூக்கை ஷூவின் உள்பக்கம், பெருவிரல் பக்கமாகத் திருப்ப வேண்டும். முதலில் குழப்பும், பெடலில் மாட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். அப்படித் திருப்பியதும் பாதி வலி போயிற்று.

மீதிப் பாதிதான் என்னை நிஜமாகவே வாட்டியது. அதைப் பற்றி யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் என் கோபம்.

கழற்றுவது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கிளீட் விடும். சிக்னலில், வேகத்தடைக்கு முன்னால், யாராவது குறுக்கே வந்தால், வீட்டு வாசலில் என்று நகருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டினால் எத்தனையோ முறை இடது காலைக் கழற்ற வேண்டும். முட்டி முன்னும் பின்னும் மடங்கத்தான் வசதியான மூட்டு. மடக்கிய நிலையில் காலை அழுத்தித் திருப்பினால் உள்பக்கத் தசைநாரை இழுக்கும். வலி உள்ள முட்டிக்கு மிதிப்பதை விட இந்தத் திருப்புதான் கொடுமை. இத்தனைக்கும் இந்த ஏற்பாடே காலைக் காப்பாற்றப் பிறந்தது. லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் பூட்டுகளைச் செய்துவந்தது. விழும்போது கால் முறுக்கிக்கொண்டால் பூட்ஸை விட்டுவிட வேண்டும், எலும்பு உடையக் கூடாது என்பது அதன் வேலை. அந்த யோசனைதான் 1984இல் சைக்கிள் பெடலுக்கு வந்தது. மறு வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். பந்தய வீரர் ஒரு நாளில் எத்தனை முறை காலைக் கழற்றுவார்? நாம்தான் சிக்னலுக்குச் சிக்னல் கழற்றுகிறவர்கள்.

எனக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. சில முறை கழற்றும்போது வலிக்காது, சில முறை உள்ளே ஏதோ நரம்பைச் சுண்டியது போல இருக்கும். அதே கால், அதே ஷூ, அதே பாதை. தூக்கம் போதவில்லையோ, உடம்பு சூடோ என்றெல்லாம் மாதக்கணக்கில் யோசித்தேன். ஒரு சாயங்காலம் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை மட்டும் மாட்டி மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் பத்து முறை, பெடலைத் திருப்பி மறு பக்கம் பத்து முறை. விஷயம் வெளியே வந்தது. ஒரு பக்கம் லேசாக விட்டது. மறு பக்கத்துக்குத் தொடையோடு சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த வகைப் பெடலில் பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு பெடலிலும் சேர்த்து, கிளீட்டைப் பிடிக்கும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க நான்கு திருகாணிகள் உண்டு. வாங்கிய நாளில் நான்கையும் தளர்த்தினேன் என்றே நம்பியிருந்தேன். இடது பெடலின் ஒரு பக்கத்தை விட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதைப் பொறுத்து வலி வந்திருக்கிறது. 3 மி.மீ. அலன் கீயை நுழைத்து, ஒவ்வொரு டிக் சத்தத்தையும் எண்ணி, கடைசி வரை தளர்த்தினேன். அப்புறம் நான்கையும் ஒரே எண்ணிக்கைக்குக் கொண்டுவந்து, இடது பெடலின் ஒரு பக்கத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு வைத்தேன். இப்போதும் அது அங்கே இருக்கிறது. ஏதாவது உறுத்தினால் பொட்டு வைத்த பக்கமா, வைக்காத பக்கமா என்று முதலில் பார்க்கிறேன்.

அடுத்து செய்தது கிளீட்டையே மாற்றியது. ஷிமானோவில் எஸ்எச்51 என்ற கறுப்புக் கிளீட் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 என்ற வெள்ளி நிறக் கிளீட், குதிகாலைச் சாய்த்து மேலே இழுத்தாலும் விடும். பெடல் அதேதான், கிளீட் மட்டும் வேறு. எழுந்து நின்று ஓங்கி மிதிப்பவர்களும் காலால் மேலே இழுத்து மிதிப்பவர்களும் எஸ்எச்56 வேண்டாம் என்பார்கள், எதிர்பாராமல் கழன்றுவிடும் என்று. நியாயமான பயம்தான். நான் உட்கார்ந்தே ஓட்டுகிறவன், எனக்கு ஒரு முறைகூட அப்படி ஆகவில்லை. முதல் நாள் சிக்னலில் காலைத் திருப்பாமல் அப்படியே சாய்த்துத் தூக்கினேன், டக்கென்று வந்துவிட்டது. முட்டியில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தேவையே இல்லாமல் இன்னும் நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கழற்றிப் பார்த்தேன். இத்தனை சின்ன உலோகத் துண்டு இரண்டு வருட வலியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தால் போன வாரம் ஏன் வலித்தது?

பழைய கிளீட் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. மாற்றியே ஆக வேண்டும். போல்ட் தலைக்குள் மண் இறுகி அடைத்திருந்தது; ஊசியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் அலன் கீயை நுழைக்க முடிந்தது. இல்லாவிட்டால் தலை வழுக்கிப் பாழாகிவிடும். கழற்றுமுன் கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வது வழக்கம். இந்த முறை சோலில் தடம் நன்றாகப் பதிந்திருந்ததால் கோடு போடவில்லை. தடத்தில் வைத்தேன், முதல் போல்ட்டை ஒரே மூச்சில் இறுக்கினேன், அந்த இறுக்கத்தோடு கிளீட் ஒரு மயிரிழை திரும்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, மூன்று நாளில் முட்டிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும், கடைசி இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். தேய்ந்த கிளீட்டுக்குப் பழகிய காலுக்குப் புதியது எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும் என்பதையும் மறந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி அவிழ்த்து, திருப்பி, கோடு போட்டு மாட்டினேன். சனிக்கிழமை முப்பது கிலோமீட்டர் மெதுவாகப் போய்வந்தேன். வலி இல்லை.

பெடலைச் சேராத ஒன்றிரண்டும் சொல்ல வேண்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் சரி. பெடலும் ஷூவும் மாறினால் சோலின் தடிமனும் மாறும், ஆகவே சீட்டை மறுபடி அளக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கனமான கியரில் மெதுவாக மிதிப்பவருக்கு எந்தப் பெடலும் உதவாது. முட்டி வீங்கினாலோ, மடக்கியபின் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இப்போது நண்பனுக்கு. எனக்கு இந்தப் பெடல் பிடிக்கும், வேறு எதற்கும் மாற்றமாட்டேன். ஆனாலும் அவன் இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் மறுபடியும் சொல்கிறேன், இந்த முறை நிதானமாக. அவன் வலி எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே இன்னும் தெரியாது. தினமும் நெரிசலில் ஓட்டுகிறவன், நாளெல்லாம் கழற்றிக்கொண்டே இருப்பான். தட்டைப் பெடலிலேயே சீட்டைச் சரிசெய்து, லேசான கியரில் ஓட்டி வலி அடங்கட்டும். அப்புறமும் ஆசை இருந்தால் ஃப்ளோட்டைக் கேட்பதோடு கழலும் கோணத்தையும், அதாவது எத்தனை டிகிரி திருப்பினால் கிளீட் விடும் என்பதையும் கேட்கட்டும். கிராங்க் பிரதர்ஸ் பெடலின் கிளீட்டை இடது வலது மாற்றிப் போட்டாலே கழலும் கோணம் 15, 20 டிகிரி என்று மாறும். டைம் ஏடாக் பெடலில் அது 13, 17. எது குறைவோ அதை எடுக்கட்டும். எஸ்பிடி என்றால் வெள்ளிக் கிளீட், நான்கு திருகாணியும் முழுத் தளர்வில்.

முள் வைத்த என் பழைய தட்டைப் பெடல் ஜோடியைத் துடைத்து கிரீஸ் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும் என்பதால், மாட்டும்போது நானும் கூட இருப்பேன்.